ஸ்டுட்கார்ட்டில் வாடகை வீடு: கோவையிலிருந்து கிளம்பும் தம்பிக்கு

கேள்வி இது: "கோவையில் இருந்து செப்டம்பரில் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலைக்கு வருகிறேன். இரண்டு மாதம் கழித்து மனைவியும் ஒன்றரை வயதுக் குழந்தையும் வருவார்கள். இங்கிருந்தே வீடு பிடித்துவிட முடியுமா? இணையத்தில் ஒரு நல்ல வீடு பார்த்தேன். வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறாராம். அட்வான்ஸும் ஒரு மாத வாடகையும் அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். ஷூஃபா என்று ஏதோ இல்லாவிட்டால் ஜெர்மனியில் வீடே கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம், அக்கா?"

தம்பி, முதல் வேலையாக அந்த லண்டன்காரருக்குப் பணம் அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் நகலும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அந்த மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். நான் இங்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இந்தக் கதையை எத்தனை பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள் என்று கணக்கே இல்லை. வீட்டுக்காரர் எப்போதும் வெளிநாட்டில்தான் இருப்பார். டாக்டராகவோ இன்ஜினியராகவோ இருப்பார். வீடு நகரத்தின் நடுவில், மரத்தரையும் பெரிய ஜன்னலுமாக இருக்கும், வாடகை மட்டும் அக்கம்பக்கத்து வீடுகளில் பாதி. நேரில் காட்ட ஆள் இல்லை, ஆனால் பணம் கட்டப் பிரபலமான ஒரு தளத்தின் பெயரில் ஒரு லிங்க் வரும். அந்த லிங்க் போலி. அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள், படங்கள் எங்கிருந்தோ எடுத்தவை. நீங்களோ உங்களுக்காக ஒருவரோ வீட்டுக்குள் நின்று பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆகும்வரை ஒரு யூரோ கூட உங்கள் கணக்கை விட்டுப் போகக்கூடாது.

அடுத்தது, கோவையில் இருந்தே நிரந்தர வீடு பிடிக்கலாமா என்பது. அபூர்வமாகச் சிலருக்கு அமைந்திருக்கிறது, ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். இங்கே வீட்டுக்காரர்கள் ஆளை நேரில் பார்க்காமல் கொடுப்பதில்லை. அதைவிட, பார்க்காத வீட்டில் குழந்தையோடு குடியேறுவது எனக்கே மனசு ஒப்பவில்லை. முதல் இரண்டு மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக ஓர் இடம் பிடித்துக்கொண்டு, வந்த பிறகு நிதானமாகத் தேடுங்கள். குடும்பம் இரண்டு மாதம் கழித்து வருவது நல்லதாகவே போயிற்று.

அந்தத் தற்காலிக இடத்தைப் பிடிக்கும்போது வாடகை எவ்வளவு என்பதற்கும் முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: "இந்த முகவரியில் அன்மெல்டுங் செய்யலாமா?" அன்மெல்டுங் என்றால் நகராட்சியில் உங்கள் முகவரியைப் பதிவு செய்வது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். 2015 நவம்பரில் இருந்து, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஓர் உறுதிச் சான்றும் அதற்குத் தேவை. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஹோட்டலிலும் விடுமுறைக்கு விடும் ஃபிளாட்டுகளிலும் இந்தச் சான்று பெரும்பாலும் கிடைக்காது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இங்கே வாழ்க்கையே இந்தப் பதிவில் இருந்துதான் தொடங்குகிறது. பதிவு செய்தால்தான் வரி எண் தபாலில் வரும். அது வராவிட்டால் சம்பளத்தில் ஆறாவது வரி வகுப்பில், அதாவது மிக அதிகமாகப் பிடிக்கும் வகுப்பில், பிடித்தம் ஆகலாம். பின்னால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும் என்றாலும், புது ஊரில் முதல் மாதத்தில் அந்தக் குறை நன்றாகவே தெரியும். வதிவிட அனுமதி, வங்கிக் கணக்கு, குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் என்று எல்லாவற்றுக்கும் முகவரி கேட்பார்கள். ஆகவே மாதம் நூறு யூரோ கூடுதலானாலும் பதிவு செய்ய விடும் அறையையே எடுங்கள். "பதிவு மட்டும் செய்து தருகிறேன், நீ வேறு எங்கேயாவது தங்கிக்கொள்" என்று காசு கேட்பவர்களும் உண்டு. அது சட்டவிரோதம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி ஷூஃபா. நம் ஊர் சிபில் போலத்தான் இதுவும். நீங்கள் கடனை, பில்லை ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்களா என்று பதிவு வைத்திருக்கும் தனியார் நிறுவனம், தலைமையகம் வீஸ்பாடனில். புதிதாக வருபவரைப் பற்றி அங்கே ஒன்றுமே இருக்காது. ஒன்றும் இல்லாததும் கெட்ட பதிவு இருப்பதும் ஒன்றல்ல, இதை வீட்டுக்காரரிடம் தயங்காமல் சொல்லலாம். "நான் செப்டம்பரில்தான் ஜெர்மனி வந்தேன், அதனால் ஷூஃபா இன்னும் இல்லை, அதற்குப் பதில் இவற்றை இணைத்திருக்கிறேன்" என்று ஒரே வரியில் எழுதுங்கள். 'இவை' என்றால், சம்பளம் குறிப்பிட்ட வேலை ஒப்பந்தம், நிரந்தர வேலை என்று கம்பெனி எச்.ஆர். தரும் ஒரு கடிதம், வந்த பிறகு சம்பளச் சீட்டுகள். வழக்கமாக மூன்று மாதச் சீட்டு கேட்பார்கள், உங்களிடம் ஒன்றுதான் இருந்தால் ஒன்றையே கொடுங்கள். கோவையில் இப்போது வாடகைக்கு இருந்தால், வாடகை பாக்கி எதுவும் இல்லை என்று வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இங்கே பழைய வீட்டுக்காரரிடம் அப்படி ஒரு சான்று வாங்குவது வழக்கம். நான் கொண்டு வந்த கடிதம் ஒரு கோடு போட்ட தாளில் எழுதியது, கீழே கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் மட்டும். என் முதல் வீட்டுக்கார அம்மா அதைப் படித்துவிட்டுத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

வங்கிக் கணக்கு தொடங்கிச் சில வாரம் ஆன பிறகு ஷூஃபாவிடம் உங்கள் பதிவைக் கேளுங்கள். உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலை அவர்கள் இலவசமாகத் தர வேண்டும், தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது உங்கள் உரிமை. ஆனால் அதில் உங்கள் கணக்கு வழக்கு அத்தனையும் இருக்கும், அப்படியே வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டாம். வீட்டுக்காரரிடம் காட்டுவதற்கென்றே ஒரு சுருக்கச் சான்று இருக்கிறது, ஏறக்குறைய முப்பது யூரோ ஆகும். வீடு கிடைக்கிற நிலைக்கு வந்த பிறகு அதை வாங்கினால் போதும்.

இந்தத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப் ஆக்கி வையுங்கள். பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைலிலும் போட்டு வையுங்கள். ஸ்டுட்கார்ட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, மூன்றாவது மாடிக் கதவில் தொடங்கிக் கீழ்ப்படி வரை ஆட்கள் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவர் கக்கத்திலும் ஒரு ஃபைல். உள்ளே ஒருவருக்கு ஐந்து நிமிடம் கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே ஏஜெண்டிடம் முழு ஃபைலும் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்தான் கடைசிப் பட்டியலுக்குப் போயிற்று. "நாளைக்கு அனுப்புகிறேன்" என்றவர்களுக்கு அந்த நாளை வரவேயில்லை.

விளம்பரத்துக்கு முதலில் அனுப்பும் செய்தியை ஜெர்மனில் எழுதுங்கள். மொழி தெரியாவிட்டால் யாரிடமாவது கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நானும் பார்த்துத் தருகிறேன். ஐந்தாறு வரி போதும்: பெயர், வேலை, நிரந்தரமா, கைக்கு வரும் சம்பளம், யார் யார் குடியிருப்பீர்கள், எப்போது வரலாம். குழந்தை இருப்பதை மறைக்காதீர்கள். பின்னால் தெரிந்தால் நம்பிக்கை போகும், குழந்தை பிடிக்காத வீட்டில் நீங்களும் நிம்மதியாக இருக்க முடியாது. இம்மோஸ்கௌட், இம்மோவெல்ட், கிளைன்அன்ட்சைகன் என்ற மூன்று விளம்பரத் தளங்களிலும் அறிவிப்பு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். தனி அறைக்கு வே-கே-கெசூக்ட். நல்ல வீட்டு விளம்பரம் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் செய்தி போய்ச் சேர வேண்டும். ஊருக்குள்ளேதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பேப்ளிங்கன், லுட்விக்ஸ்பூர்க், எஸ்லிங்கன், வைப்ளிங்கன் எல்லாமே எஸ்-பான் ரயில் போகும் இடங்கள். குழந்தையோடு இருப்பவர்களுக்கு அவை இன்னும் வசதி என்பது என் அபிப்பிராயம்.

தரகர் காசு பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 2015 ஜூனில் இருந்து, வாடகை வீட்டுக்குத் தரகரை அமர்த்தியவர்தான் அவருக்குப் பணம் தர வேண்டும். வீட்டுக்காரர் அமர்த்திய தரகர் உங்களிடம் கமிஷன் கேட்கக்கூடாது. வீட்டைக் காட்டுவதற்கு என்று தனியாகக் கட்டணம் கேட்டாலும் அது செல்லாது.

இப்போது விளம்பரத்தை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன், இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். இரண்டு அறை வீடு என்றால் ஹாலும் ஒரு படுக்கையறையும். ஹாலையும் ஓர் அறையாக எண்ணுவார்கள், சமையலறையையும் குளியலறையையும் எண்ண மாட்டார்கள். ஆகவே நீங்கள் நினைக்கும் டூ பெட்ரூம் வீடு இங்கே மூன்று அறை வீடு. வாடகை இரண்டு விதம். கால்ட்மீட்டே, அதாவது 'குளிர் வாடகை' என்பது சுவருக்கும் கூரைக்கும் மட்டும். அதோடு தண்ணீர், குப்பை, மாடிப்படி விளக்கு, ஹீட்டர் எல்லாம் சேர்ந்தால் வார்ம்மீட்டே. கரண்டும் இணையமும் அதற்கும் வெளியே. சில பழைய வீடுகளில் வீட்டுக்குள்ளேயே கேஸ் பாய்லர் இருக்கும், அங்கே ஹீட்டருக்கான கேஸ் செலவும் தனி. "இந்தத் தொகையில் ஹீட்டர் உண்டா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இது போக ஒலிபரப்புக் கட்டணம் என்று ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ வரும், டி.வி. இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். அந்தக் கடிதத்தை மோசடி என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வார்ம்மீட்டே கைச்சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பல வீட்டுக்காரர்கள் யோசிப்பார்கள். நீங்களும் யோசியுங்கள்.

சமையலறை. என் இரண்டாவது வீட்டின் சமையலறைக் கதவைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது தெரியுமா? நான்கு வெள்ளைச் சுவர். ஒரு சுவரில் மூடி போட்ட இரண்டு தண்ணீர்க் குழாய், கீழே ஒரு வடிகால் ஓட்டை, அடுப்புக்கான தடித்த ஒயர் ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. சிங்க் இல்லை, அடுப்பு இல்லை, அலமாரி இல்லை. விட்டத்தில் விளக்குக்குப் பதில் மூன்று ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே அதுதான் வழக்கம், போகிறவர்கள் சமையலறையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். புதிதாக ஒன்று பொருத்த ஆயிரக்கணக்கில் ஆகும், சாமான் வர வாரக்கணக்கில் ஆகும். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டிய நீங்கள் அந்த வம்பில் மாட்ட வேண்டாம். விளம்பரத்தில் ஏ-பே-கா (EBK) என்ற மூன்று எழுத்தைத் தேடுங்கள், பொருத்திய சமையலறை உண்டு என்று அர்த்தம். இல்லாவிட்டால், காலி செய்பவரே தன் சமையலறையை விலைக்குத் தருவார். ஆனால் பழைய சாமானுக்குப் புது விலை கொடுக்காதீர்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். குளிர் வாடகை மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக்கூடாது. குளிர் வாடகை 900 யூரோ என்றால் அதிகபட்சம் 2,700. அதையும் மூன்று சம மாதத் தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு, முதல் தவணை குடியேறும்போது. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும், அதன் வட்டியும் உங்களுடையது. கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் சில இடங்களை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். காலி செய்ய நீங்கள் மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும். மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். மின்னஞ்சல் செல்லாது, மையால் கையெழுத்திட்ட தாள் வேண்டும். சிலர், "இத்தனை வருடம் இரு தரப்பும் நோட்டீஸ் தரமாட்டோம்" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அது நான்கு வருடம் வரை செல்லும். வேலை மாறலாம் என்று தோன்றினால் அந்த வரியுள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகை எப்படி ஏறும் என்றும் பாருங்கள். சாதாரண ஒப்பந்தத்தில் மூன்று வருடத்தில் 20 சதவீதம், வீடு தட்டுப்பாடு உள்ள ஊர்களில் 15 சதவீதம் என்பது வரம்பு. விலைவாசிக் குறியீட்டோடு கட்டிய ஒப்பந்தத்துக்கு இந்த வரம்பு கிடையாது. புது ஒப்பந்தத்தின் தொடக்க வாடகைக்கும், தட்டுப்பாடு உள்ள ஊர்களில், ஒரு கட்டுப்பாடு உண்டு: அதே மாதிரி வீடுகளுக்கு அந்த வட்டாரத்தில் வழக்கமாக உள்ள வாடகையைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 2029 கடைசி வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். 2014 அக்டோபருக்குப் பிறகு புதிதாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளுக்கு அது பொருந்தாது. புரியாத ஒப்பந்தமாக இருந்தால் ஊரில் உள்ள மீட்டர்ஃபெரைனில், அதாவது வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். வருடச் சந்தா கட்டினால் அவர்களிடம் சட்ட ஆலோசனை பெறலாம். நான் செலவழித்த சந்தாக்களில் இவ்வளவு பிரயோஜனமானது வேறு இல்லை.

சாவி வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். மீட்டர் எண், சாவி எண்ணிக்கை, சுவர்க் கீறல், தரையில் கறை எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். நான் முதல் வீட்டைக் காலி செய்தபோது, ஹால் தரையில் இருந்த ஒரு நீளக் கீறலுக்காக 400 யூரோ பிடிக்கப் பார்த்தார்கள். குடிவந்த அன்று ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கீறலுக்குப் பக்கத்தில் சாவியை வைத்து நான் எடுத்த படம், தேதியோடு இருந்தது. அனுப்பினேன், பணம் முழுதாக வந்தது. நீங்களும் ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள்.

வருகிற நவம்பரில் குக்கர் விசிலும் இட்லி ஆவியும் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீராக வழியும். அதைத் துடைப்பதோடு விட்டுவிடாதீர்கள், ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று விடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. குளிருக்குப் பயந்து நாள் முழுக்க லேசாகச் சாய்த்து வைத்தால் சுவர்தான் குளிர்ந்து பூஞ்சை பிடிக்கும், பழி உங்கள் மேல் வரும். இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிறு முழுக்கவும் டிரில் போடக்கூடாது. இந்தப் பக்கத்தில் கேர்வோஹே என்று ஒரு முறை உண்டு: உங்கள் வாரம் வந்தால் மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும், கதவில் ஒரு அட்டை தொங்கும். என் முதல் வாரத்தில் எதிர்வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா, எண்பதுகளில் வந்தவர், வாளியோடு வந்து கூடவே நின்று காட்டிக் கொடுத்தார். அந்த மாடிப்படியில்தான் மற்ற குடும்பங்களோடு எனக்குப் பேச்சே தொடங்கியது. பொறுப்புக் காப்பீடு, அதாவது நம்மால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு ஒன்றும் எடுத்துவிடுங்கள், தொலைத்த சாவிக்கும் சேர்த்து. ஒரு சாவி தொலைந்தால் கட்டடத்தின் பூட்டு அத்தனையையும் மாற்றச் சொல்லும் வீடுகள் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெயரைப் பார்த்தே பதில் போடாதவர்களும் இருப்பார்கள். நாற்பது செய்திக்கு நான்கு பதில் வந்தால் அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இனத்தையோ பூர்வீகத்தையோ காரணம் காட்டி வீடு மறுப்பதை 2006-ல் வந்த சமவுரிமைச் சட்டம் தடுக்கிறது. அப்படி யாராவது எழுத்தில் சொன்னால் பத்திரப்படுத்துங்கள். உரிமை கோர இரண்டு மாதக் கெடு இருக்கிறது. ஜெர்மன் மத்திய அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை சொல்லும்.

கடைசியாக, குடியேறிய அன்றே செய்ய வேண்டியது. கீழ் வாசல் மணியிலும் தபால் பெட்டியிலும் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே வீட்டு எண் மட்டும்தான், ஃபிளாட் எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நான் ஒட்டாமல் விட்டதால் என் வரி எண் கடிதம் திரும்பிப் போய், இன்னும் பல வாரம் காத்திருந்தேன். நம் ஆட்களுக்கு இதில் இன்னொரு சிக்கல்: உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் அப்பா பெயர், மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயரோ உங்கள் பெயரோ, குழந்தைக்கு உங்கள் பெயர். அரசாங்கத்துக்கு அவை வேறு வேறு குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் மூவர் பெயரையும் ஒரே சீட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி ஒட்டுங்கள். மனைவியும் குழந்தையும் வருவதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள், அவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டு அட்டை சில சமயம் அவர்களுக்கு முன்னாலேயே வந்துவிடும்.